மில் கற்பித்த கணக்கு

பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு பாடசாலையில் ஆசிரியனாக இருந்தேன். பரிசளிப்பு விழா முடிந்த மறுநாள் விடைத்தாள்களைக் கட்டி வைக்கையில் ஒரு பிழை என் கண்ணிற் பட்டது. புள்ளிகளைக் கூட்டியதில் நான் தவறியிருந்தேன். முதற் பரிசு உரியவனுக்குச் செல்லவில்லை. பெற்றவன் வீட்டில் மகிழ்ச்சி. பெறாதவனோ தன் இழப்பை அறியான். நான் வாய் திறவாதிருந்தால் எவருக்கும் துன்பமில்லை. மிகப் பலரின் மிகுந்த இன்பமே அறத்தின் அளவுகோல் என்று கற்ற எனக்கு அந்த மௌனமே அறம் போலத் தோன்றிற்று. ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஜோன் ஸ்டூவர்ட் மில்லின் வாழ்க்கையை எடுத்து மீண்டும் படித்தேன்.

1806ஆம் ஆண்டு இலண்டனிற் பிறந்த மில்லை, அவர் தந்தை ஜேம்ஸ் மில் ஒரு கொள்கையின் வாரிசாகவே வளர்த்தார். மூன்று வயதிற் கிரேக்கம், எட்டு வயதில் இலத்தீன். பிள்ளைப் பருவத்திற் பாடசாலை வாசலை அவர் மிதித்ததில்லை. தந்தையின் நண்பர் ஜெரமி பென்தம் வகுத்த பயன்பாட்டுக் கொள்கையே அவருக்கு வேதமாயிற்று. செயலின் நன்மை தீமையை அதனால் விளையும் இன்ப துன்பங்களைக் கொண்டே அளத்தல் வேண்டும். அவ்வளவையில் அரசனும் ஆண்டியும் சமமாகவே எண்ணப்படுவர் என்பது அதன் சாரம்.

1826இல், இருபது வயதில், அவர் தம்மைத் தாமே ஒன்று கேட்டார்: விரும்பிய சீர்திருத்தங்கள் யாவும் கைகூடினால் நான் மகிழ்வேனோ? இல்லை என்றது உள்ளம். திங்கள் பல இருளிற் கழிந்தன. பின்னர் வேர்ட்ஸ்வேர்த்தின் கவிதைகள் அவரைத் தேற்றின. இன்பங்களுக்குள் அளவில் மட்டுமன்றித் தரத்திலும் வேறுபாடு உண்டென அவர் பிற்காலத்தில் எழுதினார்.

1835இல் நேர்ந்தது மற்றொரு சோதனை. பிரெஞ்சுப் புரட்சி பற்றித் தொமஸ் கார்லைல் எழுதிய நூலின் முதற் பாகம், மில்லிடம் படிக்கக் கொடுக்கப்பட்டிருந்தபோது கழிவுத் தாளென்று கருதப்பட்டு எரிந்து போயிற்று. வேறு பிரதி இல்லை. மில் நேரே கார்லைலின் வீட்டுக்குச் சென்று உண்மையைச் சொன்னார். இருநூறு பவுண் ஈடு தர முன்வந்தார். கார்லைல் நூறு மட்டும் ஏற்று, முழுவதையும் மீண்டும் எழுதினார்.

1865இல் பாராளுமன்றத்துக்குப் போட்டியிட்டபோது, தொழிலாளர் பெரும்பாலும் பொய்யர் என முன்பு எழுதியது உண்மையா என்று அவர்கள் கூட்டத்திலேயே வினவினர். ஆம் என்றார் மில். கூட்டம் ஆர்ப்பரித்தது, அவர் வெற்றியும் பெற்றார்.

பொய்யால் வரும் நட்டம் அந்த நேரத்தோடு முடிவதில்லை; மனிதர் சொல்மீது மனிதர் வைக்கும் நம்பிக்கையையே அது அரிக்கிறது என்பது மில்லின் கருத்து. என் கணக்கில் நான் சேர்க்க மறந்த தொகை அதுவே.

மில்லும் கணக்கிற் பிழைத்தவர்தாம். 1867இல் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டிப் பாராளுமன்றத்தில் வாதாடி 73 வாக்குகளே பெற்ற அவர், கிழக்கிந்தியக் கம்பனியில் 35 ஆண்டுகள் பணியாற்றியவர். 1859இல் வெளிவந்த சுதந்திரம் பற்றிய நூலிலே, முதிர்ச்சியடையாத சமுதாயங்களுக்கு அச்சுதந்திரம் பொருந்தாதென்றும் எழுதினார். கீழைத்தேயத்தவராகிய நாம் இதை மறத்தற்கில்லை. எல்லோரையும் சமமாக எண்ணச் சொன்னவர் நம்மை எண்ணாது விட்டார். நானோ, தன் இழப்பை அறியாத ஒரு சிறுவனை எண்ணாது விட்டேன்.

1873இல் பிரான்சின் அவிஞோன் நகரில் மில் காலமானார். மனைவி ஹரியட்டின் கல்லறையிலேயே அவரும் அடக்கஞ் செய்யப்பட்டார்.

விடிந்ததும் அதிபரிடம் சென்று என் பிழையைச் சொன்னேன். பரிசைத் திருப்பித் தந்த மாணவன் பல நாள் என் முகம் பார்க்கவில்லை. அந்தத் துன்பமும் நான் விளைத்ததே. அதனையும் கணக்கிற் சேர்த்தே இன்றும் எண்ணிப் பார்க்கிறேன். விடை மாறவில்லை.