மோடு அபட் அம்மையார்

பிறர் பயனற்றதென ஒதுக்கிய பொருளும் ஆராயும் கண்ணுக்கு அறிவுக் கருவூலமாகும். இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்கியவர் மோடு அபட் அம்மையார்.

இவர் கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் பிறந்தார். ஏழாம் திங்களில் அன்னையை இழந்தார். தந்தையும் பிரிந்து சென்றமையால் பாட்டியாரிடம் வளர்ந்தார். 1890-இல் மாண்ட்ரியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம் பெற்றார். மருத்துவம் பயில விழைந்தபோது, பெண் என்னும் காரணத்தால் அப்பல்கலைக்கழகம் இடமளிக்கவில்லை. அவர் மனந்தளராது, அந்நகரிலேயே பிஷப்ஸ் கல்லூரியிற் பயின்று 1894-இல் மருத்துவரானார்.

1898-இல் மக்கில் மருத்துவக் காட்சிச்சாலையில் துணைக் காப்பாளரானார். அங்குக் கண்ணாடிக் கலங்களில் இடப்பட்டிருந்த உடலுறுப்புகளை வகைப்படுத்துகையில், விந்தையான அமைப்புடைய இதயம் ஒன்றைக் கண்டார். 1824-இல் ஹோம்ஸ் என்னும் மருத்துவர் விவரித்த இதயமே அது. அன்றுமுதல் பிறவி இதயக் குறைகளை ஆராய்வதே அவர்தம் வாழ்க்கையாயிற்று. வில்லியம் ஆசுலர் என்னும் பேரறிஞர் அவருக்கு ஊக்கமளித்தார்.

1908-இல் 412 நோயாளரின் குறிப்புகளைக் கொண்டு அரியதோர் ஆய்வுரையை வெளியிட்டார். முன்னர் இடமளிக்க மறுத்த மக்கில், 1910-இல் மதிப்பியல் மருத்துவப் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. 1936-இல் ஆயிரம் நோயாளரின் விவரங்களைத் தொகுத்துப் படநூல் ஒன்றையும் அளித்தார். 1940-இல் இயற்கை எய்தினார்.

பிறவிக் குறை யாவும் குழந்தைப் பருவத்திலேயே உயிரைப் பறிப்பன அல்ல. இதயத்தின் மேலறைகளுக்கு இடையேயுள்ள சுவரில் துளை இருத்தலும், நுரையீரலினின்று இடப்புறம் சேரவேண்டிய சிரை வலப்புறம் சென்று சேர்தலும் நெடுங்காலம் வெளிப்படாதிருத்தல் உண்டு. வலப்புற இதயம் ஆண்டாண்டாக மிகுதியான குருதியைச் சுமந்து விரிவடைகின்றது. ஐம்பது, அறுபது வயதில் மூச்சிரைப்பும் படபடப்பும் தோன்றுகின்றன. அவற்றை முதுமையின் தளர்ச்சியெனக் கருதி வாளாவிருப்போர் பலர். எக்கோ முதலிய கருவிகள் மறைந்துள்ள குறையைக் காட்டிவிடும். தக்க காலத்தில் அறியின், முதியோர்க்கும் மருத்துவம் பயன் தரும்.

கருவி காட்டுவதைப் பொருள் உணர்ந்து பார்க்க இன்றைய மருத்துவர்க்கு இயல்கின்றது. அதற்கு அடிகோலியவர்களுள் முதன்மையானவர், கண்ணாடிக் கலங்களிடையே ஓயாது உழைத்த இவ்வம்மையாரேயாவர். மறுக்கப்பட்ட வாயிலின்முன் வருந்தி நில்லாது, கிடைத்த பணியைச் செவ்வனே செய்த அவர்தம் ஊக்கம் நாம் போற்றிப் பின்பற்றத் தக்கதாகும்.