வட்டிப் பணத்தில் வளர்ந்த வீடு
காமராஜரின் தாயார் சிவகாமி அம்மாள்

தமிழ்நாட்டின் முதல்-மந்திரியாக 9 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர் காமராஜர். அத்தனை ஆண்டுகளும் அவருடைய தாயார் சிவகாமி அம்மாள் விருதுநகரில், பழைய வீட்டிலேயே இருந்தார்.

மகனின் புகழை நாடறியும். அவரை ஆளாக்கத் தாயார் பட்ட பாட்டை அறிந்தவர்கள் குறைவு.

தேங்காய் வியாபாரி

விருதுநகருக்கு அப்போது விருதுப்பட்டி என்று பெயர். வானம் பார்த்த பூமி. விளைச்சல் குறைவு. வியாபாரம்தான் ஊருக்குச் சோறு போட்டது. அங்கே தேங்காய் வியாபாரம் செய்து வந்த குமாரசாமி நாடாருக்கு வாழ்க்கைப்பட்டார், சிவகாமி.

15-7-1903 அன்று ஆண் குழந்தை பிறந்தது. குலதெய்வமான காமாட்சியின் பெயரை வைத்தார்கள். தாயாருக்கோ அவன் 'ராஜா'. இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆயிற்று. அடுத்து நாகம்மாள் என்ற மகள் பிறந்தாள்.

ராஜாவுக்கு 6 வயது ஆனபோது குடும்பத்தின் தலையில் இடி விழுந்தது. குமாரசாமி நாடார் காலமானார். வீட்டில் வயதான மாமியார் பார்வதி அம்மாள். சின்னஞ்சிறு பிள்ளைகள் இரண்டு. சம்பாதிக்க ஆள் இல்லை.

நகைகள் போயின

பக்கத்து ஊரான சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் முளைத்தது 1920-களில்தான். பட்டாசு அதற்கும் பிறகு. ஏழைப் பெண்கள் வீட்டில் இருந்தபடியே பெட்டி ஒட்டிக் காசு பார்க்கலாம் என்ற நிலை வந்தது அப்புறம்தான். சிவகாமி அம்மாள் விதவையான காலத்தில் அந்த வழியும் கிடையாது.

அவர் நகைகளைக் கழற்றினார். காதில் கிடந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்றார். கிடைத்த பணத்தை உள்ளூர் வியாபாரி ஒருவரிடம் கொடுத்து வைத்தார். மாதாமாதம் வரும் வட்டியில் குடும்பம் நடந்தது. வட்டிக்குள் செலவை அடக்க வேண்டும். முதலில் கை வைத்தால் அடுத்த மாதம் அடுப்பு எரியாது.

மகன் படித்தது சத்திரிய வித்தியாசாலையில். வீட்டுக்கு வீடு பெண்கள் எடுத்து வைத்த பிடி அரிசியைக் கொண்டு நடந்த பள்ளிக்கூடம் அது. ஆனாலும் அவனுடைய படிப்பு நீடிக்கவில்லை. 12 வயதிலேயே பள்ளியை விட்டு, மாமா கருப்பையா நாடாரின் ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான்.

சிறைக்குப் போன மகன்

ஒரே மகன் கடை வைத்துப் பிழைப்பான், கல்யாணம் செய்துகொள்வான் என்று எதிர்பார்த்தது குடும்பம். அவரோ காங்கிரஸ் கூட்டங்களுக்குப் போனார். மனதை மாற்ற, திருவனந்தபுரத்தில் மரக்கடை வைத்திருந்த இன்னொரு மாமாவிடம் அனுப்பிப் பார்த்தார்கள். பலன் இல்லை. கல்யாணப் பேச்சுக்கும் அவர் இணங்கவில்லை.

1930-ல் உப்பு சத்தியாக்கிரகம். காமராஜ் கைதாகி, வங்காளத்தில் உள்ள அலிப்பூர் சிறைக்குக் கொண்டு போகப்பட்டார். அருமையாக வளர்த்த பாட்டி நோயில் படுத்தார். பரோலில் வருவதற்கு வழி இருந்தும் பேரன் சம்மதிக்கவில்லை. காந்தி-இர்வின் ஒப்பந்தத்துக்குப் பிறகு, 1931-ல் விடுதலையாகித்தான் வீடு வந்தார்.

அதோடு முடியவில்லை. மொத்தம் 6 முறை சிறை. 3 ஆயிரம் நாட்களுக்கு மேல். அத்தனை நாளும் வாசலைப் பார்த்துக் கொண்டிருந்தவர் சிவகாமி அம்மாள். குடும்பத்தைத் தாங்க வேண்டிய ஒரே பிள்ளையை அவர் நாட்டுக்கு விட்டுக் கொடுத்தார்.

மாதச் செலவு

1954-ல் மகன் முதல்-மந்திரி ஆனார். சென்னையில் மகனோடு தங்கும் வாய்ப்பு தாயாருக்குக் கிடைக்கவில்லை. தாயார் வந்தால் உறவினர்கள் வருவார்கள், சிபாரிசு வரும் என்று மகன் அஞ்சினார். மாதச் செலவுக்கு அவர் அனுப்பிய தொகை 120 ரூபாய் என்று வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். தாயாரின் வீட்டுக்குள் போட்ட தனிக் குழாயை அவர் எடுக்கச் சொன்னதாக இன்றும் பேசப்படுகிறது.

பெற்ற தாய்க்கு இது கடுமை அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. அந்தக் கடுமையின் பாரத்தைச் சுமந்தவர் சிவகாமி அம்மாள். முதலைத் தொடாமல் வாழ்ந்த தாயாரின் பிள்ளை, பொதுப் பணத்தைத் தொடாமல் ஆண்டார்.

வறுமையால் பாதியில் படிப்பை விட்டவர், ஊர்தோறும் பள்ளிக்கூடம் திறந்தார். 1956-ல் மதிய உணவுத் திட்டம் வந்தது. கட்டணம் இல்லாத கல்வியும் வந்தது. ஏழைத் தாய்மார்கள் எத்தனையோ பேருடைய பிள்ளைகள் படித்து முன்னேறினார்கள்.

சிவகாமி அம்மாள் மகனுக்கு முன்பே கண்ணை மூடினார். 2-10-1975 அன்று காமராஜரும் மறைந்தார். சொந்தமாக வீடோ நிலமோ அவர் சேர்த்து வைக்கவில்லை.

விருதுநகரில் அம்மையார் வாழ்ந்த அந்தச் சிறிய வீடு, இன்று காமராஜர் நினைவு இல்லம். பார்க்க வருகிறவர்கள் மகனை நினைத்து வணங்குகிறார்கள். அந்த வணக்கத்தில் பாதி, தாயாருக்கும் சேர வேண்டியது.