வச்சிரபோதி முனிவர்

அரக்கோணத்திற்குத் தெற்கே விளங்கும் காஞ்சிமாநகர், பல்லவர் காலத்தில் கல்விக்குப் பெயர்பெற்றிருந்தது. அந்நகரில் வாழ்ந்த பௌத்தத் துறவி வச்சிரபோதி, ஐம்பது வயதை நெருங்கிய காலத்தில் கடல் கடந்து சீனம் புகுந்தார். தலைநகராகிய சாங்கானில் தங்கினார். மொழியும் வழக்கமும் புதியன. ஆயினும் அவர் சோர்ந்திலர்.

கி.பி. 723-இல் அங்கு மொழிபெயர்ப்புப் பணியைத் தொடங்கினார். வடமொழி நூலின் பொருளை அவர் உரைப்பார்; துணைவர் ஒருவர் அதனைச் சீனமொழியில் கூறுவார்; மற்றொருவர் எழுதுவார். வானநூல் வல்ல யீசிங் என்னும் சீனத் துறவியும் அவர்பால் மாணவராய் அமர்ந்து கற்றார்.

741-இல் அயல்நாட்டுத் துறவியர் தாயகம் திரும்ப அரசாணை பிறந்தது. முனிவரும் புறப்பட்டார். ஆனால் வழியில் லோயாங் நகரில் நோயுற்று உயிர்நீத்தார். பிறந்த நாட்டை மீண்டும் காணும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை. எனினும் அவர் தொடங்கிய பணியை மாணவர் அமோகவச்சிரர் தொடர்ந்து வளர்த்தார். அயலூரிலும் கற்றவர்க்கு உறவினர் உண்டு.