ஹிட்லர் வேலை தருவதாகச் சொன்னாரா? பழைய பேப்பர்கள் காட்டும் தயான்சந்த்

மணலி, திருவொற்றியூர், ராயபுரம் பக்கமெல்லாம் ஸ்போர்ட்ஸ் என்றாலே ஃபுட்பால், கேரம், பாக்ஸிங்தான் பேச்சு. அங்கேயும் ஹாக்கியைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இந்தக் கதையை எடுத்துவிடுவார். 1936 பெர்லின் ஒலிம்பிக் ஃபைனலில் ஜெர்மனியை இந்தியா நொறுக்குகிறது. அசந்துபோன ஹிட்லர், தயான்சந்தைக் கூப்பிட்டு ஜெர்மன் ராணுவத்தில் பெரிய பதவி தருவதாகச் சொல்கிறார். அவரோ நேருக்கு நேர் மறுத்துவிடுகிறார்.

ஒவ்வொரு ஆகஸ்ட் 29-ம் தேதியும், அதாவது தயான்சந்த் பிறந்தநாளான தேசிய விளையாட்டு தினத்தன்று, வாட்ஸ்அப்பில் இது தவறாமல் வந்துவிடும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், நடந்ததா?

நிலா வெளிச்சத்தில் பயிற்சி செய்தாரா?

தயான்சந்த் பிறந்தது 1905-ல், அலகாபாத்தில். அப்பா பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சிப்பாய். குடும்பம் பிறகு ஜான்சியில் குடியேறியது. 1922-ல், 16 வயதில் தயான்சந்தும் ராணுவத்தில் சேர்ந்தார். சின்ன வயதிலிருந்தே ஹாக்கி வெறியர் என்பது ரசிகர்கள் கட்டிய கதை. ராணுவத்தில் சேரும் முன்பு சொல்லிக்கொள்ளும்படி ஹாக்கி ஆடியதாக நினைவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். டியூட்டி முடிந்து நிலா வெளிச்சத்தில் பயிற்சி செய்ததால்தான் 'சந்த்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது என்பது காலம் காலமாகச் சொல்லப்படுவது.

உறுதியான தகவல் 1926-ல் இருந்து கிடைக்கிறது. அந்த ஆண்டு இந்திய ராணுவ அணி நியூசிலாந்து போனது. 21 ஆட்டங்கள், 18 வெற்றி, 2 டிரா, ஒரே ஒரு தோல்வி. அணி அடித்த 192 கோல்களில் 100-க்கு மேல் தயான்சந்த் அடித்தவை. திரும்பி வந்ததும் சிப்பாய்க்குக் கிடைத்த பரிசு, லான்ஸ் நாயக் என்ற சின்ன புரமோஷன்.

அந்தக் காலத்து நியூசிலாந்து நாளிதழ்களை அந்நாட்டுத் தேசிய நூலகம் 'பேப்பர்ஸ் பாஸ்ட்' இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. மொபைலிலேயே படிக்கலாம்.

மூன்று பேர் வழியனுப்பிய அணி

1928-ல் இந்திய ஹாக்கி அணி ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கிற்குக் கப்பல் ஏறியபோது, பம்பாய் துறைமுகத்தில் வழியனுப்ப வந்தது மூன்றே பேர். அங்கே 5 ஆட்டங்களில் 29 கோல் அடித்தது இந்தியா. வாங்கியது பூஜ்யம். அந்த 29-ல் 14 தயான்சந்தின் கோல்கள். தங்கத்தோடு திரும்பியபோது அதே துறைமுகத்தில் பெருங்கூட்டம்.

1932 லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்காவை 24-1 என்று இந்தியா வென்றது. இதுவும் தயான்சந்த் கணக்கில்தான் பேசப்படுகிறது. ஸ்கோர்கார்டு வேற கதை சொல்லுது. அன்று அவர் அடித்தது 8. தம்பி ரூப் சிங் அடித்தது 10. அந்த ஒலிம்பிக் முழுவதும் சேர்த்துப் பார்த்தாலும் ரூப் சிங் 13, தயான்சந்த் 12. இன்னொரு விஷயம்: போட்டியில் கலந்துகொண்டதே மூன்று நாடுகள்தான்.

பெர்லினில் என்ன நடந்தது?

1936-ல் தயான்சந்த் கேப்டன். போட்டி தொடங்கும் முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் இந்தியா 4-1 என்று தோற்றது. ஹிட்லர் கதையைச் சொல்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை. உயிருள்ளவரை மறக்க முடியாத ஆட்டம் என்று தயான்சந்த் எழுதியது இந்தத் தோல்வியைத்தான். அதற்குப் பிறகு அவசரமாக அழைக்கப்பட்ட தாரா, செமி ஃபைனலுக்கு முன் வந்து சேர்ந்தார்.

மழையால் ஒரு நாள் தள்ளிப்போன ஃபைனல் ஆகஸ்ட் 15-ல் நடந்தது. இடைவேளையில் இந்தியா 1-0 என்றுதான் முன்னிலை. கடைசியில் 8-1.

இதில் தயான்சந்த் 6 கோல் அடித்தார் என்பது பிரபலமான கணக்கு. ஒலிம்பிக் பதிவுகளின்படி அவருக்கு 3, தாராவுக்கு 2, ரூப் சிங், டாப்செல், ஜாஃபர் மூவருக்கும் தலா 1. வெறுங்காலில் ஓடி ஆடினார் என்பதும் பாதி உண்மைதான். ஈரத் தரையில் ஸ்பைக்ஸ் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு ரப்பர் சோல் ஷூவில் ஆடினார் என்கிறது அன்றைய பத்திரிகைச் செய்தி. வெறுமையாக இருந்தது முழங்காலுக்குக் கீழே, பாதம் இல்லை.

அப்போ ஹிட்லர்?

தயான்சந்தின் சுயசரிதை 'கோல்' 1952-ல் வெளியானது. வெளியிட்டது நம்ம மெட்ராஸில் இருந்து வந்த 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' பத்திரிகை. பெர்லின் பயணத்தை விரிவாகச் சொல்லும் அந்தப் புத்தகத்தில் ஹிட்லர் வேலை கொடுக்க முன்வந்த பேச்சே இல்லை. ஹிட்லர் வீழ்ந்து ஏழு ஆண்டுகள், இந்தியா விடுதலை பெற்று ஐந்து ஆண்டுகள் ஆன பிறகு எழுதிய புத்தகம் அது. அப்படி ஒன்று நடந்திருந்தால் மறைக்க எந்தக் காரணமும் இல்லை. வியன்னாவில் நான்கு கைகள், நான்கு ஸ்டிக்குகளோடு தயான்சந்துக்குச் சிலை இருக்கிறது என்பார்கள். அதுவும் கற்பனைதான்.

புத்தகத்தில் இருப்பது இன்னொரு காட்சி. ஃபைனலுக்கு முன், டிரெஸ்ஸிங் ரூமில் அணி நிர்வாகி காங்கிரஸ் மூவர்ணக் கொடியை எடுத்துக் காட்டுகிறார். வீரர்கள் அதற்கு வணக்கம் வைத்துவிட்டு மைதானத்துக்குப் போகிறார்கள். கேப்டனோ பிரிட்டிஷ் ராணுவத்தில் சம்பளம் வாங்கும் சிப்பாய். விஷயம் வெளியே போயிருந்தால் வேலைக்கே ஆபத்து. ஹிட்லருக்கு 'நோ' சொன்ன கற்பனையைவிட இது பெரிய துணிச்சல் இல்லையா?

கதை வளர்ந்தது, மனிதர்?

1935 சுற்றுப்பயணத்தில் மட்டும் 43 ஆட்டங்களில் 201 கோல் அடித்தவருக்குக் கற்பனையான ஆறு கோல் தேவையே இல்லை. அடிமைப்பட்டுக் கிடந்த நாட்டுக்குத்தான் ஒரு வெள்ளைக்கார சர்வாதிகாரியின் பாராட்டு தேவைப்பட்டிருக்கிறது. அந்தக் கதை வளர வளர ரூப் சிங்கும் தாராவும் டாப்செலும் நம் நினைவிலிருந்து மறைந்துபோனார்கள்.

1956-ல் மேஜராக ஓய்வுபெற்றார் தயான்சந்த். அதே ஆண்டு பத்மபூஷண். கடைசிக் காலம் பணக்கஷ்டத்தில் கழிந்தது. 1979 டிசம்பர் 3-ம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில், கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். கேல் ரத்னா விருதுக்கு அவர் பெயர் வந்தது 2021-ல்.

அடுத்த ஆகஸ்ட் 29-ல் அந்த ஃபார்வர்டு வந்தால், பதிலுக்கு அந்த டிரெஸ்ஸிங் ரூம் கதையை அனுப்பிப் பாருங்கள்.