மலை உச்சியில் என்ஜினுக்கு மூச்சு கொடுத்தவர்

மலை ஏறினால் மனிதனுக்கு மூச்சு வாங்குகிறது. என்ஜினுக்கும் அப்படித்தான்! பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். உயரே போகப் போகக் காற்று லேசாகிறது. என்ஜின் பலம் இழந்துவிடுகிறது.

இந்தக் குறையைப் போக்கப் பாடுபட்டவர், அமெரிக்க என்ஜினீயர் சான்போர்டு மாஸ்.

பட்டறைப் பையன்

மாஸ் 1872-ம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். 16 வயதில் ஒரு பட்டறையில் தொழில் பழகப் போனார். அழுத்திய காற்றில் எண்ணெயை எரித்தால் பெரும் சக்தி கிடைக்குமே என்று அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணம் அவரை விடவில்லை. மேலே படித்தார். 1903-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

பிறகு ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் சேர்ந்தார். எரியும் வாயுவின் வேகத்தில் சுழலும் சக்கரம் ஒன்றைச் செய்ய முயன்றார். அது தின்ற எண்ணெய் அதிகம். செய்த வேலை குறைவு. 1907-ல் கம்பெனி அந்த ஆராய்ச்சியைக் கைவிட்டது.

போர் அழைத்தது

பத்து ஆண்டுகள் சென்றன. 1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. உயரப் பறக்கும் போர் விமானம் தேவைப்பட்டது. மாசின் பழைய ஆராய்ச்சியை அறிந்திருந்த பேராசிரியர் டுராண்டு அவரை நினைத்துக் கொண்டார்.

என்ஜின் வெளியே தள்ளும் புகை வீணாகப் போகிறது. அந்தப் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கும். இதுதான் டர்போ. சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்பிரட் பூச்சி 1905-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அதை விமானத்துக்கு ஏற்றபடி செய்து காட்டுவது மாசின் வேலை.

1918-ல் ஒரு விமான என்ஜினை லாரியில் ஏற்றி, 14 ஆயிரம் அடி உயரமுள்ள பைக்ஸ் மலை உச்சிக்குக் கொண்டு போனார். தரையில் அதன் சக்தி 350 குதிரைத் திறன். உச்சியில் அது 230 ஆகக் குறைந்தது. டர்போவை இணைத்தார். சக்தி 356 ஆக உயர்ந்தது! மாஸ் வென்றார்.

சூடு என்ற எதிரி

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. சைக்கிள் பம்பை வேகமாக அடித்துப் பாருங்கள். அடிப்பக்கம் சுடும். காற்றை அழுத்தினால் சூடு ஏறும். சூடான காற்று விரிந்து லேசாகிவிடும். திணித்ததில் பாதிப் பயன் போய்விடும். ஆகவே, அழுத்திய காற்றை ஆற வைத்து என்ஜினுக்கு அனுப்பும் குளிர்விப்பான் பின்னர் சேர்க்கப்பட்டது.

1920-ல் ஷ்ரோடர் என்ற விமானி, மாசின் டர்போ பொருத்திய விமானத்தில் 33 ஆயிரம் அடிக்கு மேல் பறந்தார். அங்கே கடுங்குளிர். குளிர் என்ஜினுக்கு நல்லது, மனிதனுக்கு ஆகுமா? பிராண வாயு தட்டுப்பட்டது. கண்கள் உறைந்தன. மயங்கிவிட்டார். விமானம் தலைகீழாகப் பாய்ந்தது. தரையை நெருங்கும் சமயம் நினைவு திரும்பி, உயிரோடு இறங்கினார்!

மாஸ் 1938-ல் ஓய்வு பெற்றார். இரண்டாம் உலகப் போர் வந்ததும் மீண்டும் வேலைக்கு வந்தார். அமெரிக்காவின் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் டர்போவின் துணையோடு உயரப் பறந்தன. 1940-ம் ஆண்டுக்கான காலியர் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1946-ல் காலமானார்.

இன்றைய கார்களில்

இன்று சாதாரணக் கார்களிலும் டர்போ இருக்கிறது. மாசின் காலத்து விதி மாறவில்லை. அழுத்தம் ஒன்றாகவே இருந்தாலும், 10 டிகிரி காற்றைவிட 40 டிகிரி காற்று சுமார் பத்தில் ஒரு பங்கு லேசானது. அதனால்தான் விடியற்காலையில் துள்ளி ஓடும் கார், உச்சிவெயிலில் சற்றுச் சோர்கிறது.

கூடுதல் வேகத்துக்காக டர்போவின் அழுத்தத்தை ஏற்றி வைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. காற்று மிகவும் சூடானால் பெட்ரோல் நேரம் தவறி எரியும். என்ஜினுக்குள் தட்டும் ஓசை கேட்கும். நாளடைவில் பிஸ்டனே உடைந்து போகலாம். குளிர்ந்த காலையில் தாங்கிய அழுத்தம், வெயிலிலும் தாங்கும் என்று நம்பக் கூடாது.

என்ஜினுக்குக் காற்றை ஊட்டினால் மட்டும் போதாது. ஆற வைத்து ஊட்ட வேண்டும்!