கண்ணொளி தந்த டாக்டர் வெங்கடசாமி

கண் பெற்றோர் பலர். பிறர்க்குக் கண் கொடுத்தோர் சிலர். அச்சிலருள் ஒருவரான டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918 அக்டோபர் 1 அன்று உழவர் குடும்பத்தில் பிறந்தார். 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று இராணுவ மருத்துவரானார். மகப்பேறு மருத்துவராக வேண்டுமென்பதே அவர் விருப்பம். ஆனால் கொடிய முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது, விரல்கள் கோணிப்போயின. அவர் தளரவில்லை. கண் மருத்துவம் பயின்று, கோணிய விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகினார். அவ்விரல்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்தன என்றால் வியப்பன்றோ!

1956இல் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியின் கண் துறைக்குத் தலைவரானார். நோயாளி வரட்டும் என்று காத்திராமல் கிராமங்களுக்கே சென்று முகாம் நடத்தினார். 1973இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1976இல் ஓய்வு பெற்றபின் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006 ஜூலை 7 அன்று மறைந்தார். அம்மருத்துவமனையின் கிளை 2017 முதல் நம் திருவள்ளூர் மாவட்டத்து நூம்பலிலும் இயங்குகிறது.

கண்புரையை அறுவையால் நீக்கிப் பார்வையை மீட்கலாம். காயம்பட்டுக் கருவிழி புண்ணாகித் தழும்பேறினால் மீட்பது அரிது. 1994இல் மூன்றே மாதங்களில் கருவிழிப் புண்ணோடு மதுரை அரவிந்துக்கு வந்தோர் 434 பேர். அவர்களில் 284 பேருக்கு முன்னதாகக் கண்ணில் அடிபட்டிருந்தது. நெல்லோ, மண்ணோ, குச்சியோ கீறிய சிறு காயத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் புகுந்து கண்ணைக் கெடுக்கின்றன.

பொன்னேரிப் பக்கம் கதிரடிப்பவர்க்கும் கும்மிடிப்பூண்டியில் சாணை பிடிப்பவர்க்கும் இந்த ஆபத்து ஒன்றே. நம் வீடுகளிலும் இத்தொழில் செய்வோர் உளர். அவர்களிடம் நாம் சொல்ல வேண்டியவை சிலவே. சாணையிலும் வெல்டிங்கிலும் அததற்குரிய கண்ணாடி அணிய வேண்டும். தூசி விழுந்தால் கசக்காமல் தூய நீரால் கழுவ வேண்டும். இரசாயனமோ சுண்ணாம்போ பட்டால் நெடுநேரம் கழுவ வேண்டும். குத்தி நிற்பதைப் பிடுங்கலாகாது. தாய்ப்பாலும் பச்சிலைச் சாறும் விடலாகாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். உறுத்தலோ சிவப்போ தணியாவிடில் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஒருநாள் கூலி போகுமே என்று தயங்குவோர் பலர். அந்த ஒருநாள் தாமதத்தால் ஒரு கண்ணே போகலாம். கோணிய விரல்களால் ஊர் ஊராய்ச் சென்று ஒளி கொடுத்தார் ஒருவர். இருக்கும் ஒளியைக் காக்கும் சொல்லையேனும் நம் ஊருக்கு நாம் எடுத்துச் செல்வோமாக!