தமிழில் மருத்துவம் தந்த கிறீன்

பிறந்த நாட்டை விட்டுப் பிறநாடு சென்று பிணி தீர்த்தோர் பலர். தாம் கற்ற கலையை அந்நாட்டார் மொழியிலேயே வேரூன்றச் செய்து மீண்டோர் மிகச் சிலர். அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து ஊஸ்ரர் நகரில் 1822-ம் ஆண்டு பிறந்த இவர், நியூயோர்க் நகரில் மருத்துவம் பயின்று 1845-ல் பட்டம் பெற்றார். தாய்நாட்டிலே பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். அதனை வேண்டாது, அமெரிக்க மிஷன் வைத்தியராக 1847-ல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். இவருக்கு முன்னரே டாக்டர் ஸ்கடர் பண்டத்தரிப்பில் மேனாட்டு வைத்தியத்துக்கு வித்திட்டிருந்தார். அவ்வித்தை மானிப்பாயிலே மரமாக்கியவர் கிறீன்.

நோயாளர் தொகையோ பெரிது, வைத்தியரோ ஒருவர். வாந்திபேதி ஊர்களைச் சூறையாடிய காலம் அது. தம் இரு கைகள் போதா என்பதைக் கண்ட கிறீன், உள்ளூர் இளைஞரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கலானார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆனால் ஆங்கிலத்திற் பயின்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர் செல்லத் தலைப்பட்டனர். கிராமத்துக்கென உருவாக்கிய வைத்தியர் கிராமத்தில் தங்கவில்லை. இக்குறையை நீக்கும் வழி யாது?

தாயகம் சென்று 1862-ல் மணம் முடித்து மீண்ட கிறீன், துணிந்ததொரு முடிவுக்கு வந்தார். 1864 முதல் மருத்துவம் தமிழிலேயே கற்பிக்கப்படலாயிற்று. மாணவர் பலர் இதனை விரும்பினாரல்லர். ஆங்கிலமே அக்காலத்தில் ஊதியத்தின் திறவுகோல். கிறீன் தம் கருத்திலிருந்து தளர்ந்தாரில்லை. வைத்தியர் தம் மக்களின் மொழியிலும் உடையிலும் வாழ்ந்தாலன்றி அம்மக்களோடு ஒன்றியிரார் என்பது அவர் துணிபு.

கற்பிக்க நூல் வேண்டுமே! தாமே தமிழைத் துருவிக் கற்று, மாணவரையும் துணைக்கொண்டு மொழிபெயர்ப்பில் இறங்கினார். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவார். அஃது இல்லையேல் வடமொழியை நாடுவார். அதுவும் உதவாதவிடத்தே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் அமைப்பார். இவ்வாறு எழுந்தவையே பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் முதலாய நூல்கள். அவை நாலாயிரம் பக்கங்களைக் கடந்தன. அவரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர் 60-க்கு மேற்பட்டோர். அவருள் 33 பேர் தமிழிலேயே பயின்றவர்.

உடல் நலிந்து 1873-ல் ஊஸ்ரர் திரும்பிய பின்னும் அவர் எழுதுகோல் ஓயவில்லை. கடல் கடந்த அம்மண்ணிலிருந்தே தமிழ் நூல்களைத் திருத்தியும் எழுதியும் அனுப்பிவந்தார். 1884-ம் ஆண்டு மே மாதம் 28-ந் திகதி உயிர் நீத்தார். தமிழருக்கு வைத்தியராய் வாழ்ந்ததையே தம் கல்லறையில் பொறிக்க வேண்டுமென்பது அவர் விருப்பமாயிருந்தது.

இன்று செல்வ நாடுகளின் பல்கலைக்கழகங்கள் வறிய நாடுகளுக்கு மருத்துவ மாணவரை அனுப்புகின்றன. சில வாரம் தங்கி மருந்தளித்து மீள்வதும் நற்பணியே. ஆயினும், தாம் போன பின்னும் அங்கு வைத்தியம் நிலைக்க வழிசெய்தல் அதனினும் பெரிது. மானிப்பாயில் கிறீன் பெயர் தாங்கி நிற்கும் வைத்தியசாலை இதற்குச் சான்று. அவர் ஆக்கிய நூல்களோ வேறொரு வினாவை நம்மை நோக்கி எழுப்புகின்றன. அந்நியர் ஒருவர் தமிழால் முடியுமென்று காட்டியதைத் தமிழராகிய நாம் ஏன் தொடர்ந்து செய்தோமில்லை?